மைதீன் பிச்சையின் மூக்கு

விமான நிலையங்களில் பெட்டியை ஒருபுறம் விழுங்கி மறுபுறம் துப்புகிற இயந்திரம் இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவர்கள் முதலில் ரகசியமாகத் தேங்காப்பட்டணம் வந்து மைதீன் பிச்சையின் மூக்கை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். அளவு அரைக்கால் அங்குலம் பிசகிவிட்டது. அதனால்தான் இயந்திரம் இன்றும் அவ்வப்போது ஏமாந்துபோகிறது. மூக்கு ஏமாந்ததில்லை. ஐந்து கண்டத்துச் சுங்க அதிகாரிகளும் அதைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்து சலாம் வைப்பார்கள்.

இப்போது அந்த மூக்கு ஒரு ஊறுகாய்ப் போத்தலுக்குள் பாதிவரை இறங்கியிருக்கிறது.

"இதுல என்னமோ கெடக்கு" என்கிறார் மைதீன் பிச்சை.

"மாங்கா கெடக்கு" என்கிறார் போத்தலைக் கொண்டுவந்த சத்தியபாய்.

"அது எனக்கும் தெரியும். மாங்காக்க அடியில?"

"உப்பு."

"உப்புக்க அடியில?"

"போத்தலுக்க அடி இருக்கும் ஓய். பின்ன என்ன, கெணறா இருக்கும்?"

மைதீன் பிச்சை சிரிக்கமாட்டார். ஊறுகாய் முழுவதையும் ஒரு தட்டில் கவிழ்ப்பார். ஒவ்வொரு துண்டாகக் கரண்டியால் புரட்டிப் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் மறுபடி போத்தலில் அடைத்து, மூடியைத் திருகி, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியின் மூலையில் வைப்பார். சத்தியபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அடுத்த மாதமும் அவர் இதே வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். மகன் தோஹாவில் இருக்கிறான், அவனுக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது.

மைதீன் பிச்சையின் வேலை பெட்டி கட்டுவது. வளைகுடாவுக்குப் போகிறவர்களின் பெட்டியைப் பிரித்து, பார்த்து, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, தடித்த மைப்பேனாவால் பெயர் எழுதித் தருவார். கூலி ஒரு சாயாவும் அரைமணி நேரக் குறுக்கு விசாரணையும். சாயா நாம் கொடுப்பது, விசாரணை அவர் கொடுப்பது.

இங்கே வெளிநாடு போகிறவனுக்குச் சொந்தப் பெட்டி என்று ஒன்று கிடையாது. விசா வந்த செய்தி தெருவில் கசிந்தால் போதும், பொதிகள் வீடுதேடி வரத் தொடங்கிவிடும். மகனுக்கு முந்திரிக்கொத்து, மருமகனுக்கு நெத்திலிக் கருவாடு, கட்டிய மாப்பிள்ளைக்கு முட்டுவலி எண்ணெய். "நீ கொண்டு போனா மட்டும் போதும் மக்கா, அவன் வந்து வாங்கிக்கிடுவான்" என்பார்கள். முடியாது என்று சொன்னால் அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பு வராது. ஆக, போகிறவனின் இரண்டு சட்டைக்கு மேல் ஊர்க்காரர்களின் மொத்தப் பாசமும் ஏறி உட்காரும். அந்தப் பாசத்தை நம்பாத ஒரே ஆள் மைதீன் பிச்சை.

"யாரு இடிச்ச பொடி? எப்ப இடிச்சது? இடிக்கும்போ கூட யாரு நின்னா?" என்று கேட்பார். முந்திரிக்கொத்து என்றால் ஒன்றிரண்டை உடைத்துப் பார்ப்பார். உடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் தின்றுவிடுவார். அவருடைய சந்தேகத்தில் இந்தப் பகுதிதான் சந்தேகத்துக்குரியது.

பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி வந்தது: மக்கள் ஏன் நாடுவிட்டு நாடு போகிறார்கள்? தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று இரண்டு தலைப்புப் போட்டு எழுத வேண்டும். இதை எழுதுகிறவள் "அவர்களிடம்தான் கேட்க வேண்டும்" என்று எழுதி முட்டை வாங்கியவள். மைதீன் பிச்சை அவர்களிடமேதான் கேட்கிறார். கயிற்றைப் பெட்டிக்கு அடியில் விட்டு இழுக்கும்போது, தலையை நிமிர்த்தாமல், "எதுக்காக்கும் போறது?" என்பார்.

வீடு கட்ட, தங்கச்சிக்குக் கல்யாணம், கடலில் மீன் இல்லை, இங்கே வேலை இல்லை என்று பதில் வரும். "ம்" என்பார். நம்பவில்லை என்று அதற்குப் பொருள். சொல்கிற பதிலை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்ப்பார். தலையணை கொண்டுபோகிறவன் வருடம் திரும்புமுன் வந்துவிடுவான், தேங்காய் திருவும் இரும்பு நாக்கைக் கொண்டுபோகிறவள் வரவேமாட்டாள், பெண்டாட்டி படத்தைப் பெட்டிக்கு அடியில் வைக்கிறவன் சண்டை போட்டுவிட்டுப் போகிறான் என்றெல்லாம் அவரிடம் ஒரு சாத்திரம் உண்டு. பாதிக்குமேல் பொய்த்த சாத்திரம். தலையணையோடு போன ஓர் ஆள் இன்னும் குவைத்தில்தான் உறங்குகிறார். அதைச் சொன்னால், "தலையணைய மாத்திருப்பான்" என்பார்.

ஒரேயொரு தடவை அவர் பதிலை நம்பி நான் பார்த்... இல்லை, இதை எழுதுகிறவள் பார்த்திருக்கிறாள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்திலிருந்து அஞ்சு என்ற பெண் பெட்டியோடு வந்தாள். அவள் தாத்தாவின் தாத்தாவைத் தேயிலை பறிக்க இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். தாத்தாவை, நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்று சொல்லித் திரும்பக் கப்பலேற்றினார்கள். இந்த ஊருக்கு வந்தால் இங்கேயும் அவர்களுக்கு "சிலோன்காரங்க" என்றுதான் பெயர். அஞ்சு மஸ்கட்டுக்கு நர்சு வேலைக்குப் போகிறாள்.

"எதுக்காக்கும் போறது?"

"திரும்பி வரதுக்கு ஒரு எடம் வேணும்லா மாமா. அதுக்காக்கும் போறது."

மைதீன் பிச்சை "ம்" சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு சுற்றுக் கயிறு கூடுதலாகப் போட்டார்.

அவருடைய முடிச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு சுற்று, இரண்டு குறுக்கு, கடைசியில் வலப்பக்கம் சாய்ந்த ஒரு முடிச்சு. கத்தி வைத்தால் ஒழியப் பிரியாது. "மொகத்த மாத்திக்கிடலாம், பேரையும் மாத்திக்கிடலாம். முடிச்ச மாத்த முடியாது. பாத்தா கெட்டுன ஆளு ஆருன்னு சொல்லிருவேன்" என்பார். இதுவும் மூக்கைப் போல வெறும் பெருமை என்றுதான் இதை எழுதுகிறவள் நினைத்திருந்தாள்.

இப்படி ஊரையே சந்தேகப்படுகிற ஆளை ஊர் சும்மா விடுமா? ஊரின் சந்தேகம் இதுதான்: இவர் ஏன் திரும்பி வந்தார்?

தம்மாமில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவராகப் பல வருடம் இருந்தவர். நல்ல வேலை. ஒருமுறை விடுமுறை முடிந்து போனவர், ஒரு வருடம் ஆகுமுன், முன்னறிவிப்பு இல்லாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து இறங்கினார். பெட்டி கட்டுகிறவர் பெட்டி இல்லாமல் வந்தார். ஏன் என்று கேட்டால் ஒருநாள் முட்டுவலி என்றார். ஒருநாள் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள் என்றார். மற்றொருநாள், "நம்ம அரபி மௌத்தாயிட்டாரு. நல்ல மனுசன்" என்றார். அந்த நல்ல மனுசன் இதுவரை மூன்று முறை மௌத்தாகியிருக்கிறார்: நெஞ்சுவலியில் ஒருமுறை, கார் விபத்தில் ஒருமுறை, தொண்ணூறு வயதில் உறக்கத்தில் ஒருமுறை. தங்கம் கடத்திப் பிடிபட்டார் என்று தெருவில் ஒரு கட்சி. அங்கே இன்னொரு பெண்டாட்டி இருந்தாள், அவள் அடித்துத் துரத்திவிட்டாள் என்று மறு கட்சி. இதை எழுதுகிறவள் இரண்டாவது கட்சி. அதில்தான் கதை நீளம்.

அவர் மனைவி ஷாஜிதா பேகம் எந்தக் கட்சியிலும் இல்லை. "வந்துட்டாருல்லா, அது போராதா?" என்பார். மசாலாப் பொடி இடிப்பதில் இந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர் குருமாவுக்குக் கசகசா அரைத்து விடமாட்டார், முந்திரிப்பருப்புதான். கேட்டால் கசகசா வாயுவு என்பார்.

கசகசா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பலசரக்குக் கடையில் ஏலக்காய்க்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கிற அந்தப் பொடிப்பொடி வெள்ளை விதையை வளைகுடாவில் போதைப்பொருள் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். அபின் எடுக்கிற செடியின் விதை அது. நம் ஊர் உம்மாக்களுக்கு அது குழம்பைக் கெட்டியாக்குகிற சாமான். அவ்வளவுதான். அதனால் மைதீன் பிச்சை எந்தப் பொதியைக் கண்டாலும் முதலில் அதைத்தான் கேட்பார். ஆனால் வாயால் கேட்கமாட்டார். சமையலறை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, பொடியைத் தூவுகிறதுபோல் தேய்த்துக் காட்டுவார். அந்தச் சொல் அந்த வீட்டில் காற்றில்கூடப் பறக்கக் கூடாது. ஒரு விதைக்கு இவ்வளவு மரியாதையா என்று தெருப்பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் விரலைத் தேய்த்துச் சிரிப்போம்.

(இதில் வரும் பெயர்களை மாற்றியாயிற்று. மூக்கை மட்டும் மாற்ற முடியவில்லை. மைதீன் பிச்சை பத்திரிகை வாங்குவது போத்தல் பொதியத்தான், வாசிக்க அல்ல. இந்தப் பக்கமும் ஒருநாள் ஊறுகாயைச் சுற்றிக்கொண்டு விமானம் ஏறும்.)

போன மாதம் அஷ்ஃபாக்கின் பெட்டி கட்டுக்கு வந்தது. அஷ்ஃபாக் மணவாளக்குறிச்சியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இதை எழுதுகிறவளின் சொந்த அண்ணன், அவள் வாய்க்குக் 'காக்கா'. மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் விமானம்.

"எதுக்குலே போறது?"

"வீட்டுல ஒரு கொமரு நிக்குல்லா மாமா."

கட்டிக்கொடுக்க ஒரு பெண் வீட்டில் நிற்கிறது என்று பொருள். அந்தக் கொமரு யாரென்று எழுத வேண்டியதில்லை. அவள் கையில் டேப்பு உருளையோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை வேண்டும் என்று அவள் யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை. தன்னைச் சொல்லி ஒருவன் நாடுவிட்டுப் போவதைக் கேட்டுக்கொண்டு டேப்பு கிழிக்க வேண்டியிருந்தது.

அன்று காலையிலேயே அவள் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். ஒரு கரண்டி கசகசாவைச் சின்னப் பிளாஸ்டிக் தாளில் வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, அண்ணனின் புதுச் சப்பாத்தின் விரல்முனையில் திணித்து, மேலே காலுறையைச் சுருட்டி அடைத்தாள். கணக்கு மிகவும் எளிது. மூக்கு கண்டுபிடிக்கும். மைதீன் பிச்சை குதிப்பார். அஷ்ஃபாக் முழிப்பான். பெட்டி மொத்தமும் நடுவாசலில் கவிழும். தெருவே சிரிக்கும். வெறும் தமாசு. பொதி உண்மையிலேயே கடல் தாண்டும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. மூக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மைதீன் பிச்சை சட்டைகளை உதறினார். சோப்பை முகர்ந்தார். சப்பாத்தை எடுத்தார். காலுறையை உருவி, உள்ளே கைவிட்டுத் துழாவினார். முகத்தைச் சுளித்தார். கையைச் சட்டைப் பையில் துடைத்துக்கொண்டு, காலுறையைத் திரும்ப அடைத்து, சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்தார். மூடினார். நாலு சுற்று, இரண்டு குறுக்கு, வலச்சாய்வு முடிச்சு. 'அஷ்ஃபாக், தம்மாம்' என்று எழுதினார். அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அஷ்ஃபாக்கையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

மூக்கு தோற்றுவிட்டது! இவ்வளவு பெரிய செய்தியை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? முற்றத்தில் மகனின் பெட்டியோடு முறைக்குக் காத்திருந்தவர் புதுக்கடை யேசுரத்தினம் ஒருவர்தான். தம்மாமில் மைதீன் பிச்சையோடு ஒரே அறையில் இருந்தவர்.

"மாமாக்க மூக்கு அடைச்சுப் போச்சு, தெரியுமா? கசகசாவ முன்னால வச்சாலும் இப்ப தெரியாது."

யேசுரத்தினம் சிரிக்கவில்லை. சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். அதே பார்வை, மைதீன் பிச்சையின் பார்வை.

"பைய பேசுட்டி. அந்தச் சாமானுக்கு எங்க பிள்ளே மணம்? அவன் மூக்க வச்சா கண்டுபிடிக்கான்? பேடில, பயத்துல கண்டுபிடிக்கான்."

"எதுக்குப் பேடி?"

"லீவு முடிஞ்சு வரும்போ அவன் பெண்டாட்டி ஒரு துண்டு பொதி வச்சு விட்டிருக்கா. ரூமுல கோழி வைக்கும்போ அரைச்சு விடட்டும்னு. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நான் சோறு பொங்கி வச்சுட்டு இருக்கேன், ஆளக் காணல்ல. ஏர்போர்ட்டுலயே புடிச்சுட்டானுவ. ஒரு நோம்பும் ஒரு பெருநாளும் ஜெயிலுக்குள்ள. பெறகு கைரேகை எடுத்து ஏத்தி விட்டுட்டான். இனி அந்த நாட்டுல அவன் கால் குத்த முடியாது."

"மாமிக்குத் தெரியுமா?"

"நாந்தான் போன்ல கள்ளம் சொன்னேன். மருபூமில, மணக்காட்டுல வேலை, ரேஞ்சு கிட்டாதுன்னு. உள்ளேருந்து அவன் சொல்லி விட்டது ஒண்ணே ஒண்ணு: 'அவளுக்குத் தெரியப்பிடாது. தெரிஞ்சா பெறகு அந்தக் கையால ஒரு பொடி இடிக்க மாட்டா.'"

அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. முற்றத்தின் நடுவில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அண்ணன் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. உள்ளே, வலது சப்பாத்தின் முனையில், ஒரு நோம்பும் ஒரு பெருநாளும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

அவள் முடிச்சில் பாய்ந்தாள். நகம் போனது, முடிச்சு அசையவில்லை. கத்தியைத் தேடினால் அது மைதீன் பிச்சையின் இடுப்பில் பள்ளிக்குப் போயிருக்கிறது. வீட்டுக்குள் போய்க் கேட்கலாமென்றால் மாமி எதற்கு என்று கேட்பார். குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். "என்னட்டி செய்யா, கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று யேசுரத்தினம் எழுந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பல்லு போவும்" என்றார் மைதீன் பிச்சை. தனியாகத்தான் வந்திருந்தார்.

"மாமா, கெட்டு லூசா இருக்கு. அவுத்து இன்னொருக்க கெட்டலாம்."

"நான் கெட்டுனதா? லூசா?"

"காக்கா சப்பாத்த மாத்தி வச்சிருக்கான் மாமா. அது வேற சப்பாத்து. அவசரமா பாக்கணும்."

அவர் பெட்டியின்மேலேயே உட்கார்ந்தார். சட்டைப் பைக்குள் கைவிட்டார். உள்ளங்கையை விரித்தார். அந்தச் சின்னப் பொதி அதில் இருந்தது. நூல் முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"நம்ம தெருவுல இடக்கையால முடிச்சுப் போடுத ஆளு ஒருத்திதான் உண்டு" என்றார். "எதுக்காக்கும் வச்சது?"

"சும்மா மாமா. ஒரு தமாசுக்கு."

"ம்" என்றார் மைதீன் பிச்சை.

நூலைப் பிரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், மெல்லக் கேட்டார்: "பெட்டி பிரிஞ்சா அவன் போவாம இருப்பான்னு நெனச்சியோ?"

தமாசு என்று மேலே எழுதியிருப்பதைப் படித்தவர்கள் மன்னிக்கவும். எழுதும்போது அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஷாஜிதா பேகம் சாயாத் தட்டோடு வந்துவிட்டார். யேசுரத்தினம் வானத்தைப் பார்த்தார். மைதீன் பிச்சை பொதியை வாய்க்கு நேரே கவிழ்த்து, பாதியைக் கொட்டி, சவைக்கத் தொடங்கினார்.

"இஞ்ச பாருங்கோ, என்னத்த சவைக்கியோ?"

"எள்ளு."

"எள்ளா? ஆரு தந்தா?"

"இவதான்."

ஷாஜிதா பேகம் சாயாவைக் கீழே வைத்தார். கணவரின் மீசையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை மணியைக் கட்டைவிரலால் துடைத்து எடுத்தார். விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எள் எவ்வளவு பெரிது, கசகசா எவ்வளவு சிறிது என்று தெரியாத கை அல்ல அது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சாயா ஆறிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் சந்தேகமாக இருக்கிறது.

மைதீன் பிச்சை மீதிப் பொதியை நீட்டினார். அவள் வழக்கம்போல இடக்கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தட்டி விலக்கினார். வலக்கை வரும்வரை காத்திருந்தார். உள்ளங்கையில் கொட்டி, விரல்களை மடக்கி மூடினார்.

"முழுசும் தின்னு" என்றார், சமையலறை வாசலைப் பார்த்தபடி.